"இதுல எவ்வளவு தூரம் தெரியும்?": கண்ணும் தொலைநோக்கியும் எதுவரை பிரித்துக் காட்டும், மொட்டை மாடியிலேயே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் யாராவது மேலே ஏறி வந்துவிடுவார்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "தம்பி, இதுல எவ்வளவு தூரம் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு நேர்ப்பதில் கிடையாது. இருட்டான இரவில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். அது 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதே கண்ணால் எதிர்ச்சாரி வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியின் கடைசி வரியைப் படிக்க முடிவதில்லை. ஆகவே தூரத்தை விட்டுவிடுவோம். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு புள்ளிகளை எவ்வளவு சின்னக் கோணம் வரை இரண்டாகவே பார்க்க முடியும் என்று கேட்டால் விடை உண்டு. அதற்குப் பெயர் கோணப் பிரிதிறன். கண்ணுக்கு ஓர் எல்லை, உங்கள் தொலைநோக்கிக்கு ஓர் எல்லை. இரண்டையும் வீட்டிலேயே அளந்துவிடலாம்.

தேவையானவை: வெள்ளைத்தாள், கறுப்புப் பேனா, அளவு டேப், ஒரு தையல் ஊசி, கெட்டியான கறுப்புத்தாள், கல்யாணப் பத்திரிகை அளவுக்குக் கெட்டியான அட்டை. தொலைநோக்கி பாதி வழியில்தான் வருகிறது. இல்லாதவர்கள் அதுவரை வந்தாலே போதும்.

முதல் படி: கோணத்தைக் கையில் பிடிப்பது

வட்டம் 360 பாகை. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. ஜாதகம் கணிப்பவர்களுக்குப் பழக்கமான சொற்கள்தான். பஞ்சாங்கத்தில் கிரகநிலையைக் குறிக்கிற அதே கலையும் விகலையும்தான் வானியலுக்கும்.

கையை முழுக்க நீட்டினால் சுண்டுவிரல் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை, மூடிய முஷ்டி பத்து பாகை. முழுநிலவு அரைப் பாகைதான், அதாவது 31 கலை. பலரும் நம்ப மறுக்கும் விஷயம் இது. இன்றைக்கு நிலா இருந்தால் சுண்டுவிரலை நீட்டி மறைத்துப் பாருங்கள், முழுதும் மறைந்துபோகும்.

இனி ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: 3438. ஒரு பொருள் தன் அகலத்தைப் போல 3438 மடங்கு தொலைவில் இருந்தால் அது சரியாக ஒரு கலை அகலமாகத் தெரியும். முழு வட்டத்தின் 21,600 கலையை இரண்டு பையால் (2π) வகுத்தால் வருவது இந்த எண். ஆரியபட்டர் தன் சைன் அட்டவணைக்கு வட்டத்தின் ஆரமாக எடுத்துக்கொண்டதும் இதே 3438தான். விகலையில் கணக்குப் போட 2,06,265 என்ற எண் வேண்டும்.

பழகுவதற்குத் தஞ்சாவூரை எடுத்துக்கொள்வோம். பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர் உயரம். எங்கே நின்றால் அது முழுநிலவு அளவுக்குத் தெரியும்? 66-ஐ 3438-ஆல் பெருக்கி 31-ஆல் வகுத்தால் 7,300 மீட்டர். ஊரை விட்டு ஏழேகால் கிலோமீட்டர் தள்ளி, இடையில் மரம் மறைக்காத ஒரு வரப்பில் நின்றால் விமானமும் நிலவும் ஒரே உயரம். அது ஒரே கலையாகச் சுருங்க 227 கிலோமீட்டர் போகவேண்டும். ஆனால் அதற்கு வெகு முன்பே, 34 கிலோமீட்டர் வாக்கிலேயே, பூமியின் வளைவு விமானத்தை விழுங்கிவிடும். கோடியக்கரை மணலில் நின்று பார்த்தாலும் இதே சங்கதிதான். கடல்மட்டத்தில் நிற்கிறவருக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டர். பாக் நீரிணை அதைப்போலப் பல மடங்கு அகலம். எந்தத் தொலைநோக்கியாலும் வளைவுக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. "இதுல யாழ்ப்பாணம் தெரியுமா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது.

இரண்டாம் படி: உங்கள் கண்ணை அளப்பது

தாளில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, 2 மி.மீ. கறுப்பு, 2 மி.மீ. வெள்ளை என்று மாற்றி மாற்றிக் கோடு இழுங்கள். பிரிண்டர் இருந்தால் இன்னும் சுத்தமாக வரும். தாளை நல்ல வெளிச்சத்தில் கண்மட்டத்துக்கு ஒட்டுங்கள்.

இதற்கு நம் பக்கத்துப் பழைய வீடுகளை அடித்துக்கொள்ள முடியாது. திண்ணை, ரேழி, கூடம், தாழ்வாரம், கொல்லை என்று எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வாசலில் தாளை ஒட்டிவிட்டுக் தாளைப் பார்த்தபடியே கொல்லைப்பக்கமாகப் பின்னால் நடந்துகொண்டே போகலாம். ஏதோ ஓர் இடத்தில் கோடுகள் கலங்கி வெறும் சாம்பல் நிறமாகிவிடும். அங்கே நின்று தூரத்தை அளக்கவேண்டும்.

மனசு ஏமாற்றும். கோடு நேராக நிற்கிறது என்று முன்பே தெரிந்துவிட்டால், கலங்கிய பிறகும் தெரிகிற மாதிரியே இருக்கும். அதனால் வீட்டில் யாரையாவது தாளைத் தங்கள் இஷ்டத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், கோடு நிமிர்ந்து நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று நீங்கள் சொல்லவேண்டும். பத்து தடவையில் எட்டு சரியாகச் சொல்லும் தூரம்தான் உங்கள் தூரம்.

கணக்கு: 6.9-ஐ அந்தத் தூரத்தால் (மீட்டரில்) வகுங்கள். கலையில் விடை கிடைக்கும். ஏழு மீட்டரில் கலங்கினால் ஒரு கலை. பத்து மீட்டர் வரை தாக்குப்பிடித்தால் 0.7 கலை, அருமையான கண். ஐந்து மீட்டரிலேயே கலங்கினால் 1.4 கலை, கண்ணாடியின் பவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே சோதிக்கவேண்டும். கண் மருத்துவர் 6/6 என்று எழுதுவதும் இதே ஒரு கலைதான். ஆறு மீட்டரில் அந்த வரி எழுத்துகள் ஐந்து கலை உயரம், எழுத்தின் ஒவ்வொரு கோடும் ஒரு கலை தடிமன்.

இப்போது ஊசியை எடுங்கள். கெட்டியான கறுப்புத்தாளில் ஊசி முனையை லேசாக அழுத்தி, அரை மி.மீ.க்கு மேல் போகாமல் துளை போடுங்கள். கோடுகள் தெளிவாகத் தெரியும் தூரத்துக்கு, நாலு மீட்டருக்கு, முன்னேறி வந்து துளை வழியாக ஒரு கண்ணால் பாருங்கள். கோடுகள் காணாமல் போகும்! வெளிச்சம் குறைந்ததும் ஒரு காரணம்தான், ஆனால் நல்ல வெயிலில் வைத்துப் பார்த்தாலும் அவை திரும்பி வராது. ஒளி அலையாகப் போகிறது. சின்ன வாய் வழியே நுழையும்போது விரிந்துவிடுகிறது, வாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு விரிவு. பாடப்புத்தகத்தில் விளிம்பு விளைவு என்று படித்தது இதைத்தான். அரை மி.மீ. துளை ஒரு புள்ளியை நாலைந்து கலை அகலத்துக்குப் பூசிவிடும், நம் கோட்டின் அகலமோ நாலு மீட்டரில் ஒன்றே முக்கால் கலைதான். (கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு மி.மீ. துளையில் பார்த்தால் தெளிவு கூடுவது இன்னொரு வேடிக்கை. அங்கே கண்ணின் குவியக் குறைதான் பெரிய எதிரி, விளிம்பு விளைவு சின்ன எதிரி.)

கண்மணிக்கும் இதே விதிதான். பகலில் அதன் திறப்பு இரண்டிலிருந்து மூன்று மி.மீ. பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் வரும் எல்லை சுமார் 55 விகலை, கிட்டத்தட்ட ஒரு கலை. விழித்திரையின் நடுவில் கூம்பு செல்கள் அரைக் கலைக்கு ஒன்று என்ற நெருக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருட்டு இருப்பதை உணர இடையில் ஒரு செல்லாவது சும்மா இருக்கவேண்டும், ஆக அங்கேயும் ஒரு கலைதான் வருகிறது. லென்ஸ் கொடுக்கக்கூடியதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கே திரையும் அமைந்திருக்கிறது. இயற்கை வீண்செலவு செய்யவில்லை.

அப்படியானால் இரவில் கண்மணி ஏழு மி.மீ. வரை திறக்கிறதே, பார்வை மூன்று மடங்கு கூர்மையாக வேண்டாமா? ஆகாது. அகலத் திறந்த கண்ணில் லென்ஸின் ஓரக் குறைகள் தலைகாட்டும். அதோடு இருட்டில் வேலை செய்பவை குச்சி செல்கள். அவை பல சேர்ந்து ஒரே சேதியாக அனுப்புவதால் மங்கலை உணர முடிகிறது, நுணுக்கம் போய்விடுகிறது. பௌர்ணமி வெளிச்சத்தில் செய்தித்தாளின் தலைப்பு எழுத்து தெரியும், கீழே இருக்கும் செய்தி படிக்க வராது. அதே கோட்டுத்தாளை அந்தி மங்கிய பிறகு ஒருமுறை சோதித்து, இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தெரிவது வேறு, பிரிவது வேறு

இந்த இடத்தில் குழம்பாதவர் குறைவு, நானும் வெகுநாள் குழம்பினேன். வயலுக்கு அந்தப்பக்கம் அரை கிலோமீட்டரில் போகும் மின்கம்பி தெரிகிறது. கம்பி 8 மி.மீ. தடிமன் என்று வைத்தால் அதன் கோண அகலம் மூன்று விகலைதான். ஒரு கலைக்கும் கீழே எதுவும் தெரியாது என்றால் இது எப்படித் தெரிகிறது?

தெரிவதற்கு வெளிச்ச வேறுபாடு போதும். பிரகாசமான வானத்தின் முன் ஒரு கறுப்புக் கோடு, எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கொஞ்சம் ஒளியைத் தடுத்தால் கண் கண்டுபிடித்துவிடும். நட்சத்திரம் இதற்கு நேர்மாறான உதாரணம். திருவாதிரை நட்சத்திரத்தின் உண்மையான கோண அகலம் வெறும் 0.05 விகலை (1920-இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் மைக்கல்சனும் பீஸும் முதன்முதலாக அளந்தார்கள்). ஆனாலும் கண்ணைப் பறிக்கிறது, காரணம் அதன் ஒளி. பிரிப்பது என்பது வேறு வேலை. அங்கே கம்பி ஒன்றா இரண்டா என்று சொல்லியாகவேண்டும்.

மூன்றாவதாக ஒரு திறமையும் கண்ணுக்கு உண்டு. கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்து "கால் நூல் வெளிய நிக்குது" என்பாரே, அதேதான். இரண்டு கோடுகள் ஒரே நேரில் இருக்கின்றனவா என்பதைக் கண் சில விகலைகள் வரை கண்டுபிடிக்கும், பிரிதிறனைவிடப் பத்து மடங்கு நுட்பமாக. வெர்னியர் அளவுகோல் பிழைப்பதே இந்தத் திறமையில்தான்.

மூன்றாம் படி: வானத்தில் வெறும் கண் தேர்வு

அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிற சடங்கு நம் கல்யாணங்களில் பட்டப்பகலில் நடக்கிறது. புரோகிதர் பந்தலைக் கைகாட்டுவார், மாப்பிள்ளையும் பெண்ணும் "தெரியுது" என்பார்கள். நிஜமாகப் பார்க்கவேண்டுமானால் சித்திரை, வைகாசி இரவு ஒன்பது மணிக்கு வடக்கே திரும்புங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், அதையொட்டி மங்கலாக அருந்ததி. இடைவெளி 12 கலை. ஒரு கலை பிரிக்கும் கண்ணுக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி. தெரியவில்லை என்றால் வானத்தில் தூசியோ வெளிச்சமோ அதிகம் அல்லது கண்ணாடி பவர் மாறியிருக்கிறது.

அடுத்தது கடினம். ஆடி, ஆவணியில் உச்சிக்கு வடக்கே வெள்ளையாக ஜொலிக்கும் அபிஜித் (வேகா) நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் எப்சிலான் லைரே என்றொரு நட்சத்திரம். உற்றுப் பார்த்தால் அது இரண்டு, இடைவெளி மூன்றரைக் கலை. கணக்குப்படி எல்லோருக்கும் பிரியவேண்டும். ஆனால் இரவுக் கண் பகல் கண் இல்லையே! எங்கள் மாடிக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களுக்குத்தான் பிரிந்தது. எனக்குக் கண்ணாடியோடு மட்டும் பிரிகிறது.

நிலவில் ஒரு கலை என்பது 112 கிலோமீட்டர். கோப்பர்னிகஸ் பள்ளம் 93 கிலோமீட்டர்தான், அதனால் பள்ளமாகத் தெரியாமல் வெளிச்சத் திட்டாக மட்டும் தெரியும். வடை சுடும் பாட்டியும் முயலும் பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ள கருஞ்சமவெளிகள், எனவே தாராளமாகத் தெரிகிறார்கள்.

தொலைநோக்கி வருவதற்கு முன்பு டைகோ பிராகே என்ற வானியலாளர் வெறும் கண்ணாலும் பெரிய கருவிகளாலும் கிரகங்களின் இடத்தை ஒன்றிரண்டு கலைக்குள் அளந்துவைத்தார். செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்துக் கணக்கிட்ட கெப்ளருக்கு எட்டுக் கலை வித்தியாசம் வந்தது. டைகோவின் கண் எட்டுக் கலை தவறாது என்று நம்பியதால் கெப்ளர் வட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு நீள்வட்டத்துக்குப் போனார்.

நான்காம் படி: தொலைநோக்கியின் எண்

ஒரு சூத்திரம் போதும். 116-ஐ உங்கள் தொலைநோக்கியின் வாய் அகலத்தால், அதாவது ஒளியை வாங்கும் பெரிய லென்ஸ் அல்லது ஆடியின் விட்டத்தால் (மி.மீ.), வகுங்கள். வருவது விகலையில் அதன் எல்லை. டாஸ் என்ற ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரட்டை நட்சத்திரங்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து அனுபவத்தில் கண்ட எண் இது. ராலே பிரபுவின் கோட்பாட்டுக் கணக்கில் 116-க்குப் பதில் 138 வரும், அது கொஞ்சம் கறாரான அளவுகோல். வீட்டு உபயோகத்துக்கு டாஸ் போதும்.

60 மி.மீ. வாய்க்கு 1.9 விகலை. 70-க்கு 1.7. 116 மி.மீ. என்றால் சரியாக ஒரு விகலை. எட்டங்குல ஆடிக்கு, அதாவது 200 மி.மீ.க்கு, 0.6 விகலை.

கைபேசியில் நூறு மடங்கு ஜூம் செய்து நிலவைப் படம் எடுத்துக் காட்டுகிறவர்களுக்கும் இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கலாம். அதன் லென்ஸ் திறப்பு 5 மி.மீ. என்று வைத்தால் எல்லை 23 விகலை. நிலவோ 1,860 விகலை. ஆக நிலவின் குறுக்கே எண்பது புள்ளிக்கு மேல் அந்த லென்ஸால் பிரிக்கவே முடியாது. அதற்கு மேல் படத்தில் தெரியும் நுணுக்கத்தை லென்ஸ் கொடுக்கவில்லை, மென்பொருள் கொடுத்தது.

ஐந்தாம் படி: அட்டைச் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

மாசி மாதம் இரவு ஒன்பதுக்குப் புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களும் தலைக்கு வடக்கே நிற்கும். அவற்றில் காஸ்டர் என்பதைத் தொலைநோக்கியில் நூறு மடங்கு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு வெள்ளை நட்சத்திரங்கள் ஒட்டி நிற்கும், இடைவெளி ஐந்தரை விகலைக்குப் பக்கம். 60, 70 மி.மீ. கருவிக்கு எளிது. இப்போது அட்டையின் நடுவில் 20 மி.மீ. அளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்டி, அந்த அட்டையால் தொலைநோக்கியின் வாயை மூடுங்கள். மடங்கு அதே நூறுதான், லென்ஸ் அதேதான், வாய் மட்டும் குறுகிவிட்டது. 116-ஐ 20-ஆல் வகுத்தால் 5.8 விகலை, இடைவெளியைவிட அதிகம். ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) பார்த்தால் இரண்டும் உப்பிப் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டையாக இருக்கும். அட்டையை எடுங்கள், பழையபடி இரண்டு.

எங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்கு இதைச் செய்து காட்டியபோது அட்டையை அவரே நாலைந்து தடவை போட்டு எடுத்துப் பார்த்தார். "அப்ப எத்தனை மடங்குங்கறதுல ஒண்ணுமில்ல, வாய்தான் விஷயம்?" என்றார். தூரக் கேள்வியை அன்றோடு விட்டுவிட்டார்.

மாசி வரை காத்திருக்க வேண்டாம் என்றால் வசிஷ்டரையே பிடியுங்கள். தொலைநோக்கியில் வசிஷ்டர் மட்டும் தனியே இரண்டாகப் பிரிவார், இடைவெளி 14 விகலை. அட்டையில் 8 மி.மீ. ஓட்டை போட்டால் போதும், ஒன்றாகிவிடுவார்.

பெட்டியில் எழுதியிருக்கும் மடங்கு

என் முதல் தொலைநோக்கி 60 மி.மீ. பெட்டியில் கொட்டை எழுத்தில் 675 மடங்கு என்று போட்டிருந்தது. கடையின் பெயர் வேண்டாம். 675-இல் சனியைப் பார்த்தபோது மஞ்சளாக ஒரு கலங்கிய முட்டைதான் தெரிந்தது, அதுவும் நொடியில் ஓடி மறைந்தது. லென்ஸ் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து ஒரு மாதம் மூலையில் போட்டுவைத்தேன்.

கெட்டுப்போகவில்லை. 60 மி.மீ. கொடுக்கும் நுணுக்கம் 1.9 விகலை. அதைக் கண் சிரமமின்றிப் பார்க்க இரண்டு கலைக்கு, அதாவது 120 விகலைக்கு, பெரிதாக்கவேண்டும். அறுபதுக்குச் சற்று மேலான மடங்கில் அது முடிந்துவிடுகிறது. நாலு கலை வரை நீட்டினால் 120 மடங்கு. அதற்கு மேல் பெரிதாக்குவது ஸ்டாம்பு அளவுப் படத்தை ஃபிளக்ஸ் பேனராக அடிப்பது போல. பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது, மங்கிக்கொண்டே போகும். வாயின் மி.மீ. எத்தனையோ அத்தனை மடங்கு சௌகரியம், அதன் இரட்டிப்பு உச்சம். மடங்கைக் கணக்கிட, குழாயின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுக்கவேண்டும். 700 மி.மீ. குழாயில் 10 மி.மீ. ஐபீஸ் என்றால் 70 மடங்கு.

பத்து மடங்கு பைனாகுலருக்கு நேர்மாறான நிலைமை. அதன் 50 மி.மீ. வாய் 2.3 விகலை கொடுக்கத் தயார், ஆனால் பத்து மடங்கில் உங்கள் ஒரு கலைக் கண் ஆறு விகலைவரைதான் வாங்கும். கை நடுக்கம் அதையும் கெடுக்கும். சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தாலே கோடியக்கரைப் பூநாரைகளின் கால் எண்ணிக்கை சரியாக வரும்.

பெட்டியோடு ஐபீஸில் மாட்டும் கறுப்பு வடிகட்டி கொடுத்து "சூரியனும் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தால் அதை உடனே குப்பையில் போடுங்கள். வெப்பத்தில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும்.

ஆறாம் படி: காற்றோடு மல்லுக்கட்டுவது

கருவி சரி, கணக்கு சரி, இருந்தும் நட்சத்திரம் கொதிக்கிற உலை மாதிரி இருக்கும். அது காற்று. சூடும் குளிரும் கலந்த காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றும் ஒரு மோசமான லென்ஸ். சாதாரண இரவில் நட்சத்திரத்தை இரண்டு மூன்று விகலைக்குப் பூசிவிடும். எவ்வளவு பெரிய ஆடி வைத்திருந்தாலும் தப்பிக்க முடியாது. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். கணக்குப்படி 0.05 விகலை பிரிக்கவேண்டும், ஆனால் காற்று வழக்கமாக விகலைக் கணக்கில்தான் விடும். அந்தப் பெரிய வாயின் பயன் மங்கலான பொருளின் ஒளியை அள்ளிச் சேர்ப்பதில்.

டெல்டாவில் எனக்குப் பிடிபட்ட சில விஷயங்கள். கோடையில் சிமெண்டு மாடி நள்ளிரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், அப்போது கீழே இறங்கிக் கொல்லையிலோ புல்தரையிலோ நிறுத்தினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஐப்பசி, கார்த்திகை நமக்கில்லை, வடகிழக்குப் பருவமழைக்கு விட்டுவிடுங்கள். மார்கழி, தையில் வானம் நின்று நிதானமாக இருக்கும், ஆனால் பனி கொட்டும், லென்ஸ் அரைமணியில் வேர்த்துவிடும். துண்டால் துடைக்காதீர்கள், கீறல் விழும். சார்ட் பேப்பரைச் சுருட்டி, வாயின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முன்னால் மாட்டினால் பனி வெகுநேரம் அண்டாது. அறுவடை முடிந்து வைக்கோல் கொளுத்தும் வாரங்களில் புகை அடிவானத்தைத் தின்னும், தலைக்கு மேலே இருப்பதை மட்டும் பாருங்கள். எந்த இரவானாலும் கருவியை அரைமணி முன்பே வெளியே வைத்துவிடவேண்டும், உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அடங்கட்டும். உச்சியில் இருக்கும் நட்சத்திரமே மினுமினுத்தால் அன்றைக்கு அதிக மடங்கு வேண்டாம், நிலவைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

நல்ல இரவு வாய்த்தால் இரட்டை நட்சத்திரங்களில் இந்த வரிசையில் ஏறிப்போங்கள். ஆவணி, புரட்டாசியில் அல்பிரியோ, 34 விகலை, ஒன்று பொன்னிறம் மற்றது நீலம். சித்திரையில் வசிஷ்டர் 14, மாசியில் காஸ்டர். கன்னி ராசியின் போரிமா மூன்று விகலை வாக்கில். கடைசியாக அதே எப்சிலான் லைரே: வெறும் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்ததே, அந்த இரண்டும் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டு, இடைவெளி இரண்டேகால் விகலை அளவு. 60 மி.மீ. கருவியில் நாலையும் பார்த்துவிட்டால் உங்கள் லென்ஸ், காற்று, கண் மூன்றும் அன்றைக்கு எல்லையைத் தொட்டுவிட்டன என்று அர்த்தம். கேட்டை நட்சத்திரத்தின் துணையை இதில் சேர்க்கவில்லை. இடைவெளி இதே அளவுதான், ஆனால் சிவப்பு நட்சத்திரத்தின் கண்கூச்சத்தில் துணை அமுங்கிவிடும். டாஸ் சூத்திரம் சம வெளிச்சமுள்ள ஜோடிக்குத்தான் பொருந்தும்.

சனி வளையத்தின் கறுப்பு இடைவெளி 0.7 விகலைதான், ஆனாலும் 75 மி.மீ. கருவியில் நல்ல இரவில் தட்டுப்படுகிறது. எப்படி என்று யோசித்தால் மின்கம்பி ஞாபகம் வரும்.

ஊட்டியும் நிலவின் கொடியும்

எல்லையைத் தீர்மானிப்பது வாய் அகலம் மட்டும் இல்லை, அலைநீளமும்தான். உதகமண்டலத்தில் மலைச்சரிவில் 1970-இல் கட்டிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அது வாங்கும் அலை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். அதனால் நீளவாட்டில் அதன் பிரிதிறன் ஆறு கலை, குறுக்குவாட்டில் இரண்டு பாகை. அரைக் கிலோமீட்டர் கருவியைவிட உங்கள் கண் ஆறு மடங்கு கூர்மை! அதைச் சரிக்கட்ட ரேடியோக்காரர்கள் பூமி முழுக்க உள்ள கருவிகளைச் சேர்த்து ஒரே வாயாக்கினார்கள். 1.3 மி.மீ. அலையில் பூமியின் அகலமே வாய். 2019 ஏப்ரலில் வெளியான எம்87 கருந்துளைப் படத்தில் அந்த ஒளி வளையம் ஒரு விகலையைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 42 பங்கு.

பள்ளிப் பிள்ளைகள் மாடிக்கு வந்தால் தூரத்தைக் கேட்பதில்லை. "மாமா, நிலாவுல நட்ட கொடி தெரியுமா?" என்பார்கள். அப்பல்லோ கொடி ஒன்றரை மீட்டர் அகலம், 3,84,400 கிலோமீட்டரில் அது 0.0008 விகலை. 116-ஐ இதால் வகுத்தால் 144 மீட்டர் வாய் வேண்டும், அதுவும் கொடி வெறும் புள்ளியாகத் தெரிவதற்கு. பெரிய கோயில் விமானம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த அகலம் வராது. விண்வெளியில் காற்றுத் தொல்லையே இல்லாத ஹபிளின் 2.4 மீட்டர் ஆடிக்கு நிலவில் 90 மீட்டருக்குக் கீழே எதுவும் பிரியாது.

ஆனால் சந்திரயான்-2 சுற்றுக்கலனின் கேமரா 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கால் மீட்டர் வரை பிரிக்கிறது. நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரம் கலத்தையே அது படம் எடுத்தது. அந்தக் கேமராவின் கோணத்தைக் கணக்கிட்டால் அரை விகலைதான் வரும். ஒன்பது அங்குல ஆடி வைத்திருக்கும் ஒருவர் காற்று முழுக்க ஒத்துழைக்கும் இரவில் மொட்டை மாடியில் பிரிப்பதும் அதே அரை விகலை. மாடியிலிருந்து நிலவில் அது 930 மீட்டர், அங்கே போய்ச் சுற்றும் கேமராவுக்கு 24 சென்டிமீட்டர்.